ஒரே வீட்டில் இரண்டு விதமான மூச்சு

கேள்வி

டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். நாங்கள் மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் ஒரு தாமான் குடியிருப்பில் இருக்கிறோம். என் அப்பாவுக்கு 71 வயது. நாற்பது வருடம் தோட்டத்தில் இருந்தவர். பால்மரம் வெட்டினார், பிறகு செம்பனையிலும் வேலை செய்தார். போன வருடம் கால் வீங்கி ஆஸ்பத்திரிக்குப் போனபோது இதயம் பலவீனமாக இருக்கிறது என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு மாதமாக ஒன்றைக் கவனிக்கிறேன். தூக்கத்தில் அவருடைய மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிறது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சிறிதாகிறது, அப்புறம் நின்றே போகிறது. கைத்தொலைபேசியில் நேரம் பார்த்தேன், 22 வினாடி. எழுப்பலாம் என்று கையை நீட்டும்போது தானாகவே மறுபடி ஆரம்பிக்கிறது. ராத்திரியில் இருமலும் இருக்கிறது. கடையில் வாங்கிய இருமல் மருந்து கொடுக்கிறேன்.

என் வீட்டுக்காரருக்கு 46 வயது. செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். உடம்பு கொஞ்சம் கனம். அவர் குறட்டை பக்கத்து வீட்டுக்கே கேட்கும். அதுவும் சில நேரம் நின்று, பிறகு திடுக்கென்று தொடங்கும். மற்றபடி நன்றாகத் தூங்குகிறவர்தான். மில் வரிசையில் லோரியை நிறுத்தினால்கூடத் தூங்கிவிடுவார். டாக்டரிடம் போகச் சொன்னால், சரக்கு லோரி ஓட்டுகிற ஜி.டி.எல். லைசென்சுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று மறுக்கிறார்.

அம்மா இதையெல்லாம் அமுக்குவான் பேயின் வேலை என்று சொல்லி, அப்பா தலையணைக்கு அடியில் பாக்குவெட்டி வைத்திருக்கிறார். பக்கத்து வீட்டு அக்கா, தான் போடுகிற தூக்க மாத்திரையில் நாலு கொடுத்து, அப்பாவுக்குப் பாதி பாதியாகக் கொடு, நிம்மதியாகத் தூங்குவார் என்கிறார். கொடுக்கலாமா? மூச்சு ஏன் இப்படி நிற்கிறது? எப்போது பயப்பட வேண்டும்? நான் ராத்திரி சரியாகத் தூங்கி ஒரு மாதம் ஆகிறது.

— சுங்கை சிப்புட் வாசகி

பதில்

சகோதரி, முதலில் அந்த மாத்திரை. கொடுக்காதீர்கள். பாதியும் வேண்டாம், கால்பங்கும் வேண்டாம். அக்காவிடம் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். இந்த ஒரு பதிலுக்காக நீங்கள் கடைசி வரி வரைக்கும் காத்திருக்கக் கூடாது என்றுதான் இதை முதலில் எழுதுகிறேன்.

அடுத்தது, நீங்கள் நேரம் பார்த்தது. முப்பது வருடத்துக்கு மேல் தோட்டப்புறத்து மக்களுக்கு வைத்தியம் பார்க்கிறேன். ‘ரொம்ப நேரம் நின்னுச்சு டாக்டர்’ என்று சொல்கிறவர்கள்தான் அதிகம். ரொம்ப நேரம் என்றால் சிலருக்கு அஞ்சு வினாடி, சிலருக்கு அரை நிமிடம். நீங்கள் 22 என்று எழுதியிருக்கிறீர்கள். அதோடு, நிற்பதற்கு முன்னால் மூச்சு எப்படி ஏறி இறங்கியது என்பதையும் எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டு வரி ஒரு டாக்டருக்குப் பாதி வேலையை முடித்துக் கொடுக்கிறது.

உங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு மூச்சு நிற்கிறது. இரண்டும் ஒன்றுதான் என்று நினைக்கிறீர்கள். என் கணிப்பில் இரண்டும் வேறு வேறு. உங்கள் அப்பாவுக்கு மூச்சு விடு என்கிற கட்டளையே கொஞ்ச நேரம் வருவதில்லை. உங்கள் வீட்டுக்காரருக்குக் கட்டளை வருகிறது, நெஞ்சும் பாடுபடுகிறது, ஆனால் தொண்டையில் வழி அடைத்துக்கொள்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டிலும் சத்தம் இல்லை, காற்று இல்லை. வைத்தியம் மட்டும் இரண்டு திசையில் போகிறது.

கட்டளை எங்கிருந்து வருகிறது? பிடரிக்கு நேர் உள்ளே, மூளை முடிந்து தண்டுவடம் தொடங்குகிற இடத்தில் முகுளம் என்று ஒரு பகுதி. நம் கட்டை விரல் பருமன்கூட இருக்காது. மூச்சின் தாளத்தைப் போடுகிற நரம்புக் கூட்டம் அதற்குள் இருக்கிறது. 1991-இல் அதை அடையாளம் கண்டவர்கள் ‘முன் போட்ஸிங்கர்’ என்று பெயர் வைத்தார்கள். பக்கத்தில் உள்ள இன்னொரு பகுதிக்கு ஏற்கெனவே போட்ஸிங்கர் என்று பெயர். ஏதோ பெரிய விஞ்ஞானியின் பெயர் என்று படிக்கிற காலத்தில் நினைத்தேன். பார்த்தால், ஜெர்மனியில் ஒரு கூட்டத்தின்போது மேசையில் இருந்த ஒயின் பாட்டிலின் பெயராம். நம் உயிரைப் பிடித்து வைத்திருக்கும் இடத்துக்குப் பக்கத்து வீட்டுப் பெயர் ஒயின் பாட்டிலிலிருந்து வந்திருக்கிறது!

ஓய்வாக இருக்கும் பெரியவருக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு. சிதம்பரம் பொன்னம்பலத்தின் கூரையில் 21,600 பொன் ஓடுகள், அது மனிதன் ஒரு நாளில் விடும் மூச்சின் கணக்கு என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ஒரு நாளின் 1,440 நிமிடத்தால் வகுத்துப் பாருங்கள். நிமிடத்துக்குச் சரியாக 15 வரும்.

மூச்சு விடத் தூண்டுவது ஆக்ஸிஜன் குறைவது என்றுதான் பலரும் நினைக்கிறோம். பெரும்பாலான நேரம் அப்படி இல்லை. ரத்தத்தில் கரியமில வாயு ஏறுவதுதான் தூண்டுகிறது. 1905-இலேயே ஹால்டேன், பிரீஸ்ட்லி என்ற இரண்டு விஞ்ஞானிகள் இதைக் காட்டிவிட்டார்கள். மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்து பாருங்கள். ஒரு கட்டத்தில் நீங்கள் வேண்டாம் என்றாலும் நெஞ்சு இழுத்துவிடும். உள்ளே சேர்ந்த கரியமில வாயு போடுகிற சத்தம் அது. ஆக்ஸிஜன் குறைவதைப் பார்ப்பதற்குக் கழுத்து ரத்தக் குழாய் ஓரத்தில் தனியாக ஒரு காவல் இருக்கிறது. அதைக் கண்டறிந்த பெல்ஜியம் நாட்டு ஹேமன்ஸுக்கு 1938-ஆம் ஆண்டு நோபல் பரிசு கொடுத்தார்கள். ஆனால் அந்தக் காவல்காரர் ஆக்ஸிஜன் நன்றாகக் குறைந்த பிறகுதான் உரக்கக் கத்துவார். அன்றாட வேலை கரியமில வாயுவுடையது.

இப்போது அப்பாவுக்கு வருவோம்.

நான் பிறந்து வளர்ந்தது தோட்டத் தொழிலாளர் லயத்தில். எங்கள் தோட்டத்தில் மேட்டின் மேல் ஒரு தண்ணீர்த் தொட்டி, கீழே ஆற்றோரம் பம்பு. தொட்டி நிரம்பிவிட்டதா என்று பார்க்க மேலே ஒரு பையன் இருப்பான். நிரம்பினால் கத்துவான், பம்புக்காரர் நிறுத்துவார். குறைந்தால் கத்துவான், அவர் போடுவார். குரல் கேட்கிற வரைக்கும் எல்லாம் ஒழுங்கு. காற்றும் மழையுமாக இருக்கிற நாளில் குரல் கேட்காது. பையன் இறங்கி ஓடி வந்து சொல்ல வேண்டும். அவன் வந்து சேர்வதற்குள் தொட்டி வழிந்து மேடெல்லாம் சேறு. பம்பை நிறுத்துவார். தண்ணீர் தீர்ந்து அவன் மறுபடி ஓடி வருவதற்குள் லயத்தில் குழாய் காய்ந்துவிடும், பெண்கள் குடத்தோடு நின்று திட்டுவார்கள். பம்பிலும் குறை இல்லை, பையன் மேலும் குற்றம் இல்லை. செய்தி தாமதமாக வந்தது, அவ்வளவுதான்.

அப்பாவின் உடம்பில் அந்தப் பையன் ரத்தம். நுரையீரலில் இப்போது காற்று எப்படி இருக்கிறது என்ற செய்தியை ரத்தம்தான் மூளைக்கு எடுத்துப் போகிறது. இதயம் பலவீனமானால் ரத்தம் மெதுவாகப் போகும், செய்தி பிந்தும். கரியமில வாயு ஏறிவிட்டது என்று மூளை கேள்விப்பட்டு மூச்சைக் கூட்டுகிறது. அது எப்போதோ இறங்கிவிட்ட பிறகும் செய்தி வராததால் கூட்டிக்கொண்டே போகிறது. இதய பலவீனம் உள்ளவர்களில் சிலருக்கு இந்தத் தூண்டலுக்கு மூளை கொஞ்சம் அதிகமாகவே துள்ளும். அளவுக்கு மேல் வெளியேற்றிய பிறகு, ‘சரி, மூச்சே தேவையில்லை’ என்று ஒரேயடியாக நிறுத்திவிடுகிறது. வாயு மறுபடி சேர்ந்து, அந்தச் செய்தி வந்து சேரும் வரைக்கும் அமைதி. நீங்கள் எண்ணிய 22 வினாடி அதுதான்.

இதற்கு ‘செய்ன் ஸ்டோக்ஸ் மூச்சு’ என்று பெயர். ஜான் செய்ன் 1818-இலும், வில்லியம் ஸ்டோக்ஸ் 1854-இலும் எழுதி வைத்தார்கள். இருவரும் டப்ளின் நகரத்தில் வேலை பார்த்தவர்கள். தூக்கத்தில் மூச்சை அளக்கும் கருவி இல்லாத காலம். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, நீங்கள் பார்த்த மாதிரியே பார்த்துக் கண்டுபிடித்தார்கள். ஏறி, இறங்கி, நின்று, மறுபடி தொடங்கும் வரைக்கும் ஒரு சுற்று. அது 40 வினாடிக்கு மேல் இருக்கும், சிலருக்கு ஒன்றரை நிமிடம்கூட ஆகும். இன்று ராத்திரி ஒரு முழுச் சுற்றையும் எண்ணிப் பாருங்கள். பக்கவாதம் வந்தவர்களுக்கும் இது வரலாம். உயரமான மலையில் தூங்குகிறவர்களுக்கும் இதே மாதிரி ஏறி இறங்கும் மூச்சு வருவதுண்டு.

அந்த 22 வினாடியில் உயிர் போய்விடாது. நுரையீரலில் அந்த நேரத்துக்குத் தேவையான காற்று கையிருப்பில் இருக்கும். ஒவ்வொரு முறையும் எழுப்பினால் அவர் தூக்கமும் போகும், உங்கள் தூக்கமும் போகும். ஆனால் சும்மா விடக்கூடிய விஷயமும் இல்லை. இப்படி மூச்சு வந்தால், இதயத்துக்கான வைத்தியம் போதவில்லையோ என்று சந்தேகப்பட வேண்டும். ராத்திரி இருமல் என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் உறுத்துகிறது. படுத்தால் இருமல், உட்கார்ந்தால் குறைகிறது என்றால் அது சளி இருமலாக இல்லாமல், நுரையீரலில் நீர் கோத்ததால் வருவதாக இருக்கலாம். அதற்கு இருமல் மருந்து கொடுப்பது, கூரை ஒழுகும்போது தரையைத் துடைப்பது போல. எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறார், நடுராத்திரி மூச்சு முட்டி எழுந்து உட்காருகிறாரா, கால் வீக்கம் திரும்ப வந்திருக்கிறதா என்று பாருங்கள். காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடுவதற்கு முன் எடை பார்த்து எழுதி வையுங்கள். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சோற்றால் ஏறிய எடை இல்லை, நீர். அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காமல் போய்விடுங்கள். இவை எதுவுமே இல்லை என்றாலும் இந்த வாரத்துக்குள் அவரைப் பார்க்கிற டாக்டரிடம் காட்டுங்கள். அதுவரை தலைப்பக்கம் கொஞ்சம் உயர்த்தி, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மல்லாந்து படுப்பதைவிட அது நல்லது.

இப்போது மாத்திரைக்கான காரணம். தூக்க மாத்திரை முகுளத்தின் விழிப்பை மந்தமாக்கும், தொண்டைத் தசையையும் தளர்த்தும். அபின் குடும்பத்து மருந்துகள், அதாவது மார்பின், கோடீன், டிரமடோல் போன்றவை, முன்னால் சொன்ன அந்தத் தாளக் கூட்டத்தையே அடக்கும். அளவு மீறினால் நிமிடத்துக்கு ஆறு, நாலு என்று மூச்சு இறங்கும். கண்ணின் பாவை குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கும், ஆள் எழும்ப மாட்டார். இரண்டு வகையும் சேர்ந்தால், அதோடு மதுவும் சேர்ந்தால், ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று கணக்குப் போட முடியாது. சில இருமல் மருந்தில் கோடீன் இருக்கும். ஒரு சிலர் உடம்பு அந்தக் கோடீனை மற்றவர்களைவிட வேகமாக மார்பினாக மாற்றிவிடும். யாருக்கு அப்படி என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அந்தப் புட்டியின் லேபிளைப் படியுங்கள், புரியாவிட்டால் மருந்துக் கடைக்காரரிடம் காட்டிக் கேளுங்கள். அக்காவுக்கு ஒத்துக்கொள்கிற மாத்திரை அக்காவின் வயதுக்கும் அக்காவின் இதயத்துக்கும் எழுதிக் கொடுத்தது. தோட்டத்தில் எல்லாவற்றையும் பகிர்ந்து வாழ்ந்து பழகிவிட்டோம், மாத்திரையையும் மீன் குழம்பு மாதிரி கிண்ணத்தில் போட்டு வேலிக்கு மேல் நீட்டுகிறோம். இந்த ஒரு பழக்கத்தோடு எனக்கு ஒத்துப்போகவே முடியவில்லை.

வீட்டுக்காரருக்கு வருவோம். ‘மற்றபடி நன்றாகத் தூங்குகிறவர்தான்’ என்று எழுதியிருக்கிறீர்கள். சகோதரி, மில் வரிசையில் தூங்கிப் போகிறவர் நன்றாகத் தூங்குகிறவர் இல்லை. ராத்திரி முழுவதும் தூங்காதவர். தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளரும்போது நாக்கு பின்னால் சரிகிறது, வழி குறுகுகிறது. குறுகிய வழியில் காற்று போகும் சத்தம்தான் குறட்டை. முழுவதும் அடைத்தால் சத்தம் நிற்கும். நீங்கள் ‘அப்பாடா, குறட்டை நின்றது’ என்று புரண்டு படுக்கிற நேரத்தில்தான் அவருக்குக் காற்று இல்லை. கரியமில வாயு ஏறி, மூளை அவரை ஒரு கணம் உலுக்கி எழுப்பும். திடுக்கென்று ஒரு இழுப்பு, மறுபடி குறட்டை. காலையில் அவருக்கு எதுவும் ஞாபகம் இருக்காது. 10 வினாடி அல்லது அதற்கு மேல் காற்று நின்றால் ஒரு தடை என்று கணக்கு. மூச்சு நிற்பதும் நன்றாகக் குறைவதுமாக மணிக்கு அஞ்சுக்கு மேல் வந்தால் நோய், முப்பதுக்கு மேல் போனால் கடுமையானது. முப்பது என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை யாரோ அவரைத் தட்டி எழுப்புவது போல. அப்படி எழுந்தவர் மறுநாள் அத்தனை டன் குலையை ஏற்றிக்கொண்டு சாலைக்கு வருகிறார். ரத்த அழுத்தமும் இதனால் ஏறும்.

அப்பாவையும் அவரையும் வேறுபடுத்த நீங்களே ஒன்று செய்யலாம். மூச்சு நிற்கும் நேரத்தில் நெஞ்சையும் வயிற்றையும் பாருங்கள். சட்டை இல்லாமல், விளக்கு போட்டு, அஞ்சு நிமிடம் வீடியோ எடுங்கள், சத்தமும் சேர்ந்து. அப்பாவுக்கு எல்லாமே அசையாமல் இருக்கும், காற்று இல்லாத நாளில் தொங்குகிற பாய்மரத் துணி மாதிரி. வீட்டுக்காரருக்கு நெஞ்சு உள்ளே போக வயிறு வெளியே தள்ளும், வயிறு உள்ளே போக நெஞ்சு எழும்பும். பூட்டிய கதவை உள்ளேயிருந்து ஒருவர் தள்ளுவது போல இருக்கும். அவருக்குக் கழுத்துச் சுற்றளவையும் ஒரு டேப்பால் அளந்து எழுதுங்கள். 17 அங்குலத்துக்கு மேல் என்றால் சந்தேகம் இன்னும் கூடும்.

இதற்கு வைத்தியம் இருக்கிறது. கிளினிக்கில் கடிதம் வாங்கிப் பெரிய ஆஸ்பத்திரியில் தூக்கப் பரிசோதனை செய்ய வேண்டும். தேவைப்பட்டால் ‘சீபாப்’ என்கிற மெஷின் கொடுப்பார்கள். மூக்கில் மாட்டிய கவசம் வழியாக மெல்லிய அழுத்தத்தில் காற்று போய்த் தொண்டையைத் திறந்தே வைக்கும். சிட்னியில் கோலின் சல்லிவன் 1981-இல் இதை வெளியிட்டார். ஆரம்பத்தில் தூசு உறிஞ்சும் மெஷினின் மோட்டாரை வைத்துத்தான் செய்தாராம். எடை குறைப்பதும், ஒருக்களித்துப் படுப்பதும், ராத்திரி மதுவை விடுவதும் கூடவே வேண்டும். லைசென்ஸ் பயம் எனக்குப் புரிகிறது, லோரி நின்றால் வீட்டில் அடுப்பும் நிற்கும். ஆனால் இது நன்றாகவே சமாளிக்கக் கூடிய நோய். மெஷின் போட்டுத் தூங்கிப் பகலில் தெளிவாக இருக்கிற டிரைவர் ஒரு பக்கம், நோயை மறைத்து ஸ்டியரிங்கில் கண் சொக்குகிற டிரைவர் ஒரு பக்கம். லைசென்சுக்கு ஆபத்து இரண்டாமவருக்குத்தான், அவர் எதிரில் வருகிறவருக்கும்தான். பரிசோதனை முடிந்து டாக்டர் சொல்லும் வரைக்கும், கண் சொக்குகிற நாளில் அவர் வண்டியை எடுக்கக் கூடாது. ராத்திரி டிரிப் வேண்டவே வேண்டாம்.

அந்த மெஷின் வந்த பிறகு, ‘அப்பாவுக்கும் ஒரு ராத்திரி மாட்டிப் பார்ப்போமே’ என்று தோன்றும். மாட்டாதீர்கள். சீபாபின் தம்பி மாதிரி இன்னொரு மெஷின் இருக்கிறது, மூச்சு குறைந்தால் தானே கூட்டிக் கொடுக்கும். இதயம் பலவீனமாகி அப்பாவைப் போல மூச்சு நிற்பவர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த ஒரு பெரிய ஆய்வு 2015-இல் வெளிவந்தது. உதவும் என்று எதிர்பார்த்தார்கள், ஆனால் மெஷின் போட்டவர்களில் இதய நோயால் இறந்தவர்கள்தான் அதிகம். மூச்சைச் சீராக்கினால் எல்லாம் சரியாகும் என்று நம்பிய எங்களைப் போன்றவர்களுக்கு அது பெரிய குட்டு.

கட்டளையும் சரி, குழாயும் சரி, ஆனால் நடுவில் கம்பி அறுந்தால்? தோட்டத்தில் இருக்கிறவர்களுக்கு இது கட்டாயம் தெரிய வேண்டும். நான் புதிதாக வேலைக்குச் சேர்ந்த காலத்தில், ஒரு மாவட்ட ஆஸ்பத்திரிக்கு விடிகாலையில் ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தவர். வயிற்று வலி என்றார், கண் இமை தூக்க முடியவில்லை என்றார், பேச்சு மூக்கால் வந்தது. சந்தேகப்பட்டுத் தேடினோம். சுண்டு விரல் ஓரத்தில் இரண்டு புள்ளி, கொசு கடித்த மாதிரி. கட்டுவிரியன். கடித்ததே பல பேருக்குத் தெரியாது, வலி அவ்வளவு குறைவு. அதன் விஷம் நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி போகிற இடத்தை அடைக்கும். எங்கள் கண் முன்னால் அவருடைய மூச்சு மேலோட்டமாகி நின்றது. காற்றுப் பையை அமுக்கிக்கொண்டே ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். நானும் ஒரு நர்ஸ் மிஸ்ஸியும் மாறி மாறி அமுக்கினோம். கண் மூடியிருந்தது, விரல் அசையவில்லை. மயக்கம் என்று நினைத்து, பசி தாங்காமல் நாங்கள் நாசி லெமாக் கடையைப் பற்றிப் பேசிக்கொண்டே போனோம். பத்து நாள் கழித்துக் குழாயை எடுத்த பிறகு போய்ப் பார்த்தேன். ‘டாக்டர், அந்த நாசி லெமாக் சாப்பிட்டீங்களா?’ என்றார். வழி முழுவதும் எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். மூளை கட்டளை போட்டுக்கொண்டேயிருந்தது, தசைக்குத்தான் போய்ச் சேரவில்லை. அவருக்கு முக்கியமாக வேண்டியிருந்தது, விஷம் இறங்கும் வரைக்கும் வேறு யாராவது மூச்சு விட்டுக் கொடுப்பது. அன்றிலிருந்து, அசையாமல் படுத்திருப்பவர் பக்கத்தில் நான் வாயைக் கவனித்துத்தான் பேசுகிறேன்.

பாம்பு கடித்து இமை தொங்கினாலோ, விழுங்கக் கஷ்டப்பட்டாலோ, கட்டுப் போட்டு மந்திரிக்க நேரமில்லை, உடனே ஆஸ்பத்திரிதான். பூச்சி மருந்து அடித்தவருக்கு எச்சில் கொட்டி, கண் பாவை சுருங்கி, நெஞ்சில் கறகற என்று சளி கட்டினால் அதுவும் இதே அவசரம். உடுப்பைக் கழற்றிக் கழுவிவிட்டு ஓடுங்கள். மருந்து டின்னின் லேபிளையும் கொண்டு போங்கள்.

அமுக்குவானைப் பற்றி அம்மாவிடம் ஒரு வார்த்தை. கண் விழித்துவிட்டது, உடம்பு மட்டும் இன்னும் தூக்கத்தில் கட்டுண்டு கிடக்கிறது, நெஞ்சில் யாரோ உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்பதுதான் அது. அனுபவிக்கிறவருக்குப் பயங்கரம், ஆனால் அப்போது மூச்சு நிற்பதில்லை. அப்பாவுக்கு நடப்பது அது இல்லை.

எப்போது பயப்பட வேண்டும் என்று கேட்டீர்கள். தட்டிக் கூப்பிட்டும் எழும்பவில்லை என்றால். உதட்டின் உள்பக்கம், நாக்கு, நகம் நீலம் பாய்ந்தால். நம் தோல் நிறத்துக்கு முகத்தைப் பார்த்துத் தெரியாது, வாய்க்குள்தான் பார்க்க வேண்டும். ஒரு முழு நிமிடம் எண்ணி எட்டு, பத்துக்குக் கீழே இருந்து, ஆளும் மந்தமாக இருந்தால். விழித்திருக்கும்போதே ஒரு வரியை முழுதாகப் பேச முடியாமல் இரைத்தால். கோவிட் காலத்தில் வாங்கிய விரல் கருவியை மட்டும் நம்பாதீர்கள். கறுத்த தோலில் சில நேரம் இருப்பதைவிடக் கூட்டிக் காட்டும். கரியமில வாயுவை அது பார்ப்பதே இல்லை.

எல்லாவற்றையும்விட என்னைப் பயமுறுத்துவது ஒன்று. பல வருடத்துக்கு முன் ஒரு திருவிழா அன்னதானப் பந்தலில் ஒரு பெரியவர் சாய்ந்துவிட்டார். நான் பந்தலின் இன்னொரு கோடியில் இருந்தேன். கூட்டம் சுற்றிக்கொண்டது. ஒருவர் உள்ளங்காலில் கோடாலித் தைலம் தேய்க்கிறார், ஒருவர் முகத்தில் தண்ணீர் தெளிக்கிறார். ‘மூச்சு இருக்கு, மூச்சு இருக்கு’ என்று எல்லாரும் சொல்கிறார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அவர் கரையில் போட்ட மீன் மாதிரி வாயைத் திறந்து ஒரு இழுப்பு இழுத்தார். பிறகு ரொம்ப நேரம் ஒன்றுமில்லை, மறுபடி ஒரு இழுப்பு. அது மூச்சு இல்லை. இதயம் நின்ற பிறகு முகுளம் கடைசியாக உதறுகிற உதறல். யாரும் நெஞ்சை அமுக்கவில்லை. நான் அமுக்கத் தொடங்கும்போது நேரம் கடந்துவிட்டது. ஆள் எழும்பவில்லை, அவ்வப்போது வாய் பிளந்த இழுப்பு மட்டும் இருக்கிறது என்றால், மூச்சு நின்றதாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் 999-ஐக் கூப்பிடட்டும். நீங்கள் தரையில் படுக்கவைத்து, நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து, 5 சென்டிமீட்டர் இறங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அமுக்குங்கள், ஆம்புலன்ஸ் வரும் வரைக்கும். எலும்பு உடைந்துவிடுமோ என்று யோசிக்காதீர்கள். உடைந்த எலும்பு ஒட்டும்.

அப்பாவின் டாக்டரிடம் போகும்போது, அவர் சாப்பிடுகிற எல்லா மாத்திரையையும் இருமல் மருந்துப் புட்டியையும் ஒரே பையில் போட்டுக் கொண்டு போங்கள். வீடியோ இரண்டையும், எடை எழுதிய தாளையும் காட்டுங்கள். வீட்டுக்காரரையும் கூடவே அழைத்துப் போய் அதே நாளில் ஒரு நம்பர் எடுத்துவிடுங்கள். அரசாங்க கிளினிக் கெசிஹாத்தானில் ஒரு வெள்ளிதான், மாமனாருக்குத் துணைக்கு வரச் சொன்னதாக இருக்கட்டும். இன்று ராத்திரி அம்மாவை ஒரு முறை உட்காரச் சொல்லிவிட்டு நீங்கள் தூங்குங்கள்.

பாக்குவெட்டியைப் பற்றி எனக்குச் சண்டை இல்லை. ஆனால் இதயத்துக்குச் சாப்பிடுகிறவர்களில் பலருக்கு ரத்தம் உறையாமல் இருக்கவும் மாத்திரை கொடுத்திருப்பார்கள். அப்பாவுக்கு அது உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. ஒரு துணியில் நன்றாகச் சுற்றி, கட்டிலுக்கு அடியில் வைக்கச் சொல்லுங்கள்.